மூன்றாம் தடவை ஊற்றிய தண்ணீர்

சேசு மரி சூசை

விழுப்புரம்
9.10.2024

திண்டிவனம் வெள்ளையம்மாளுக்கு, தேவாவின் அம்மா இன்னாசியம்மாள் எழுதுவது.

சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் பொய்யாகிவிடும். உங்களோடு இனி இந்த வாயால் ஒரு பேச்சுப் பேச மாட்டேன் என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் செபமாலையைப் பிடித்துச் சொன்னேன். அது அப்படியே இருக்கிறது. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் சிரிக்கத் தேவையில்லை.

எனக்கு எதுவும் மறக்காது என்று உங்களுக்குத் தெரியும். நிச்சயத்தன்றைக்கு நீங்கள் கட்டியிருந்தது அரக்குக் கரை வைத்த பச்சைப் புடவை. உங்கள் வீட்டுக்காரர் தாம்பூலத் தட்டை என் கையில் கொடுக்காமல் பாயில் வைத்து என் பக்கமாகத் தள்ளினார். இதெல்லாம் எனக்கு நேற்று நடந்த மாதிரி.

பேத்தி போன அன்றைக்கு நடந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை. டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்துவிட்டார்கள். நர்சம்மா கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி, "தாய்கிட்ட கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று உங்கள் மகள் கலைமதி கையில் கொடுத்தார். நான் பையிலிருந்து வேளாங்கண்ணித் தீர்த்த பாட்டிலை எடுத்தேன். மாதா உருவத்தில் செய்த பாட்டில், மாதா கிரீடம்தான் அதற்கு மூடி. மூடியில் தண்ணீர் ஊற்றிப் பிள்ளை நெற்றியில் விட்டேன். மேலே காற்றாடி கடகடவென்று சத்தம் போட்டது. நீங்கள் கத்தினீர்கள். எல்லாம் இருக்கிறது. என் வாயில் என்ன வந்தது என்பது மட்டும் இல்லை. துணி வைத்துத் துடைத்த மாதிரி இருக்கிறது.

சாமியார் வர நேரமில்லாவிட்டால் எங்களில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் தண்ணீரோடு வார்த்தை வேண்டும். பிள்ளைக்கு ஒரு பெயரைச் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியாகிய இஸ்பிரீத்து சாந்து என்று மூன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது வெறும் தண்ணீர். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்கள் பெயரையெல்லாம் சாமியார் வாசிப்பார். பிள்ளையின் பெயரைக் கொடுக்கலாமா, என்ன பெயர் கொடுப்பது, ஒன்றும் புரியவில்லை.

என் பக்கத்தில் நின்றவர் நீங்கள் ஒருவர்தான். நான் வார்த்தை சொன்னேனா? அதை மட்டும் எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.

இன்னாசியம்மாள்


உ
அங்காளம்மன் துணை

திண்டிவனம்
14.10.2024

சம்பந்தியம்மாவுக்கு,

லெட்டர் வந்தது. "இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் போடுறது?" என்று போஸ்ட்மேன் கேட்டார். "பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கினு ஒரு மகராசி கீறாங்க" என்றேன். போன வாரம் ஒரு போன் வந்தது. ஹலோ ஹலோ என்று தொண்டை வறளக் கத்தினேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள். அது யார் மூச்சு என்று எனக்குத் தெரியும்.

வேறொன்றும் எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஆயிற்றா? எழுதுவேன்.

எங்கள் சனத்தில் உயிர் போகிறவர்களுக்குத்தான் பாலோ தண்ணீரோ ஊற்றுவோம். பிள்ளை அப்போது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வாயை மீன்குஞ்சு மாதிரி திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் பாட்டிலைத் திறந்தீர்கள். கலைமதி அந்த நிமிஷம் வரைக்கும் பிள்ளை பிழைத்துவிடும் என்றுதான் இருந்தாள். தாய்ச்சூடு பட்டால் தேறிவிடும் என்பதற்காகத்தான் கையில் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். அதனால்தான் கத்தினேன்.

என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் கத்திக்கொண்டிருந்தேனே.

பிள்ளை, மல்லாட்டை விதைக்கிற எங்கள் கொல்லையின் வடக்கு வரப்போரம் இருக்கிறது. தேவாதான் குழி தோண்டினார். கலைமதி உங்கள் வீட்டுக்கு எப்போது வருவாள் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருகிறார், அவள் எதிரில் உட்காருகிறார், சாயங்காலம் பஸ் ஏறுகிறார். இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி கிடையாது.

வெள்ளையம்மாள்


சேசு மரி சூசை

விழுப்புரம்
18.10.2024

வெள்ளையம்மாளுக்கு,

பிள்ளை செத்துவிடும் என்று நினைத்துத்தான் ஊற்றினேன். அதை மறைக்க மாட்டேன். பிழைக்கிற பிள்ளை என்றால் கோயிலில் வைத்து, மேளம் வைத்து, பிரியாணி போட்டு ஊற்றியிருப்போம். நீங்கள் போகிறவர்களை அனுப்பிவைக்க ஊற்றுவீர்கள். நாங்கள் போய்ச் சேருகிற இடத்தில் உள்ளே விட வேண்டுமே என்று ஊற்றுகிறோம். நான் பிள்ளையைத் தள்ளிவிடவில்லை.

ஆனால் கலைமதி முகத்தை நான் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவளுடைய முகம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லாத இரண்டாவது சங்கதி இது.

நான் ஏன் இப்படி அலைகிறேன் என்று உங்களுக்குப் புரியவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் புது சாமியாரிடம் போனேன். சின்ன வயசு. பைக்கில் ஏறப் போனவரை நிறுத்தி, "சாமி, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை பேரைக் கல்லறையில வாசிப்பீங்களா?" என்றேன்.

"ஏன் பாட்டிம்மா வாசிக்கக் கூடாது? கடவுள் இரக்கமுள்ளவர். அந்தப் பிள்ளைங்களை அவர் கையில ஒப்படைக்கிறோம். நீங்க பயப்படாதீங்க" என்றார்.

அவர் நல்லதுதான் சொன்னார். வேறொரு கிழவியாக இருந்தால் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாள். எனக்குக் கோபம் வந்தது. "இதை எப்பலேர்ந்து சொல்றீங்க?" என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்பவுமே அப்படித்தானே பாட்டிம்மா" என்றார். எப்பவுமே அப்படி இல்லை. எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் கோயில் வாசலில் என்ன பேசுவேன் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றையிலிருந்து செபமாலை சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது. தண்ணீர் வேண்டும் என்றால் நான் வார்த்தை சொன்னேனா என்று தெரிய வேண்டும். தண்ணீரே வேண்டாம் என்றால் வேறொரு கணக்கு இருக்கிறது, அதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. எது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறேன்.

நீங்கள் கத்திக்கொண்டிருந்தாலும் காது இருந்ததல்லவா? கல்யாணத்தன்றைக்குக் கூடத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நான் என் தங்கச்சியிடம் முணுமுணுத்தது அடுப்பங்கரையில் இருந்த உங்களுக்குக் கேட்டதே! என்ன முணுமுணுத்தேன் என்றால், எல்லாருக்கும் சில்வர் டம்ளரில் காபி வந்தது, எனக்கும் என் தங்கச்சிக்கும் மட்டும் காகிதக் கப்பில் வந்தது என்று. அதையும் நான் மறக்கவில்லை.

யோசித்து எழுதுங்கள்.

இன்னாசியம்மாள்


உ
அங்காளம்மன் துணை

திண்டிவனம்
22.10.2024

சம்பந்தியம்மாவுக்கு,

காகிதக் கப்பு விஷயம். அப்போது என் மாமியார் உயிரோடு இருந்தார். அவர் சொன்னார், நான் கொடுத்தேன். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

உங்கள் லெட்டரைக் கலைமதி எடுத்துப் படித்துவிட்டாள். நான் கொடுக்கவில்லை. அரிசி டின் மேல் வைத்திருந்தேன், அவளாக எடுத்தாள். படித்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அன்றைக்குத்தான் அந்த நேரத்தைப் பற்றி வாய் திறந்தாள். அவள் சொன்னதையும் எனக்கு ஞாபகம் வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

நீங்கள் மூன்று தடவை தண்ணீர் விட்டீர்கள். உங்கள் கோயிலில் நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் கை வைத்துக்கொண்டு சொல்வீர்களே, அந்த மூன்று பெயரைச் சொன்னீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தடவை. முதலில் விட்டதும் இரண்டாவது விட்டதும் பிள்ளை நெற்றியில் விழுந்தது. மூன்றாவது தடவை நான் உங்கள் கையைத் தட்டிவிட்டேன். அது கலைமதியின் இடது கை மேல் கொட்டியது. "சில்லுனு இருந்துச்சும்மா. நான் துடைக்கவே இல்ல" என்றாள். பாட்டில் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

இப்போது எங்கள் கேள்வி. தண்ணீர் விடுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு பெயர் சொன்னீர்கள். "சவரிராயா" என்று கூப்பிட்டீர்கள். மெதுவாகக்கூட இல்லை, தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி கூப்பிட்டீர்கள். கலைமதிக்கு நன்றாகக் கேட்டது. எனக்கும் கேட்டது.

யார் அது? உங்கள் வீட்டுக்காரர் பெயர் அந்தோணிசாமி. மகன் தேவா. உங்கள் வகையறாவில் அப்படி ஒரு ஆளை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. பிறந்தது பெண் பிள்ளை. நீங்கள் ஏதோ ஓர் ஆம்பளை பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டீர்கள்.

"அத்தை என் பொண்ணு முகத்தைக்கூட பாக்கல. யாரு பேரோ சொல்லி அனுப்பிடுச்சு" என்கிறாள் கலைமதி. அவள் உங்கள் வீட்டுக்கு வராமல் இருப்பது தண்ணீருக்காக இல்லை. இதற்காகத்தான். எனக்கே இந்த லெட்டர் எழுதும்போதுதான் தெரிந்தது.

வெள்ளையம்மாள்


சேசு மரி சூசை

விழுப்புரம்
26.10.2024

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் லெட்டர் வந்து இரண்டு நாள் நான் சோறு ஆக்கவில்லை. தேவா கடையில் வாங்கித் தின்றான்.

சவரிராயன் என் மூத்த பிள்ளை. தேவாவுக்கும் அவனுடைய அக்காளுக்கும் முன்னால் பிறந்தவன். இந்தப் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. வயிற்றில் இருக்கும்போதே மனசுக்குள் வைத்துக்கொண்ட பெயர். முதன்முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நான் யாரோடு பேச மாட்டேன் என்று சொன்னேனோ அவருக்கு. இது என்ன விதியோ தெரியவில்லை.

ஐப்பசி மாசம், அடைமழை. கூரை வீட்டில் பிறந்தான். அழுத சத்தம் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. பிள்ளை நிற்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "உபதேசியாரைக் கூப்பிடுங்க, தண்ணி ஊத்தட்டும்" என்று கெஞ்சினேன். என் மாமியார் குப்பம்மாள், "இந்த மழையில எவன் போவான்? மழை விடட்டும்" என்றாள். மழை விட்டது. பிள்ளை போய்விட்டான்.

அப்புறம், எங்களுக்கு வேதம் சொல்லித்தருகிற அந்த உபதேசியார் வந்தார். "தண்ணி ஊத்தாத பிள்ள கல்லறைக்குள்ள வரக் கூடாது" என்றார். என் வீட்டுக்காரர் வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கல்லறைச் சுவருக்கு வெளியே, வேலிகாத்தான் முள்ளுக்குள் புதைத்துவிட்டு வந்தார். பக்கத்தில் நாய் வராமல் இருக்க ஒரு கல் வைத்தார். அந்தப் பிள்ளை பரலோகத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, இருட்டில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே இருக்கும் என்றார்கள். நான் நம்பினேன். இத்தனை வருஷமும் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உள்ளே எல்லார் குழிக்கும் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பாமல் வந்திருக்கிறேன்.

சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று அடுத்த தவக்காலப் பிரசங்கத்தில்தான் சொன்னார்கள். கோயிலில் தரையில் உட்கார்ந்து கேட்டேன். வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. கூரையிலிருந்தும் கொட்டியது. எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து தீர்த்தம் இல்லாமல் நான் வெளியே இறங்கியதில்லை. பஸ்ஸில் போனாலும் பையில் இருக்கும்.

இப்போது புது சாமியார் வந்து, தண்ணீர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார். அப்படியானால் என் பிள்ளையை ஏன் வெளியே போட்டார்கள்? தண்ணீர் வேண்டும் என்றால் உங்கள் பேத்தியின் தண்ணீரை நான் யாருக்கு ஊற்றினேன்? நெற்றி அவளுடையது. பெயர் அவனுடையது. மூன்றாவது தடவை விட்டது உங்கள் மகள் கை மேல். இஸ்பிரீத்து சாந்து அவள் மேல் இறங்கினாரா? இரண்டு பங்கு ஞானஸ்நானம் என்று உண்டா?

நேற்று இதை அப்படியே சாமியாரிடம் கேட்டேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "பாட்டிம்மா, குருமடத்துப் பரீட்சையில கூட என்னை யாரும் இப்படிக் கேட்கல. பாண்டிச்சேரியில பெரியவங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். பிறகு, "கடவுளுக்கு ஆள் அடையாளம் தெரியாதா?" என்றார். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கே தெரியவில்லையே.

நான் உங்கள் பேத்தியை வேறு யாராகவோ நினைத்து அனுப்பவில்லை என்று கலைமதியிடம் சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம். அப்படி நினைத்தேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயர் தானாக வாயில் வந்துவிட்டது. மழை விடுவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும் என்று வந்திருக்கும்.

இன்னாசியம்மாள்


உ

திண்டிவனம்
29.10.2024

சம்பந்தியம்மாவுக்கு,

லெட்டரைக் கலைமதி இரண்டு தடவை படித்தாள். கொல்லைக்குப் போய் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து, "அந்தக் கல்லு இன்னும் கீதான்னு கேட்டு எழுதும்மா" என்றாள். பிறகு, "வேணாம், நானே பாத்துக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை கல்லறைத் திருநாளுக்கு வருகிறோம். நான் கல்லறைக்குள் வர மாட்டேன். எனக்கு அது பழக்கமில்லை. வாசலில் இருப்பேன்.

அந்த மழை நாளில் உங்களுக்கு என்ன வயசு?

வெள்ளையம்மாள்


சேசு மரி சூசை

விழுப்புரம்
5.11.2024

சம்பந்தியம்மாவுக்கு,

பத்தொன்பது.

நீங்கள் வாசலில் பூக்காரியோடு உட்கார்ந்துவிட்டீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. கலைமதி சொன்னாளோ இல்லையோ, நான் எழுதுகிறேன்.

சாமியாரிடம் நான் ஒரே ஒரு பெயர்தான் கொடுத்திருந்தேன். சவரிராயன். பேத்திக்கு என்ன பெயர் கொடுப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அவர் வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தார். அந்தப் பெயர் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் என் நாக்குக்கு அடியில் கிடந்த பெயரை மைக்கில் ஊருக்கே சொன்னார். பக்கத்தில் நின்ற என் தங்கச்சி மகள் சித்ரா, "யாரு பெரிம்மா அது?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் கலைமதி சத்தமாக, "யாழினி" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் சபையில் அப்படி யாரும் நடுவில் பேசியதில்லை. சாமியார் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாழினி" என்று மைக்கில் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவளும் ஒரு பெயரை மனசுக்குள் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? தேவாவுக்கும் தெரியாது. அவன் சுவரில் சாய்ந்து அழுதான்.

பிறகு, "எங்க அத்தே அந்த எடம்?" என்று கேட்டாள். சுவரைச் சுற்றி அழைத்துக்கொண்டு போனேன். முள் மண்டியிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள்தான் முதலில் உள்ளே போனாள். கல் இருக்கிறது. ஒரு பக்கம் மண்ணுக்குள் போய்விட்டது. அவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்றுக்கு நிற்கவில்லை. மறுபடி ஏற்றி இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டாள். தண்ணீர் விழுந்த கை அதுதான். அவள் முகத்தை இந்தத் தடவை பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். இனி மறக்காது.

பாண்டிச்சேரியிலிருந்து சாமியாருக்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தாலும் எனக்குத் தெளியுமா என்று தெரியவில்லை. கலைமதி என்னிடம், "ஒரே தண்ணிதானே அத்தே, ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கட்டும்" என்று சொன்னாள். அது வேதத்தில் உண்டா இல்லையா, நான் கேட்கப் போவதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் செபமாலை ஐம்பத்து மூன்று மணியும் நிற்காமல் போனது. ஏன் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் டீக்கடையில் நம் இரண்டு பேருக்கும் காகிதக் கப்பில்தான் கொடுத்தான். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். அதை வைத்து அந்தக் காபியை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

"காலு வலிக்கும், இப்படி உக்காருங்க" என்று இடம் விட்டீர்கள். உட்கார்ந்தேன். பஸ் வரும் வரைக்கும் நீங்களே பேசிக்கொண்டிருந்தீர்கள். சத்தியம் இருப்பதால் நான் பதில் சொல்லவில்லை. திமிர் என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் திமிரும் இருந்தது.

மழை வைத்திருக்கிறது என்று டிவியில் சொல்கிறார்கள். வடக்கு வரப்போரம் தண்ணீர் நிற்குமா, வடிந்துவிடுமா? எனக்கு அந்தக் கொல்லை எப்படி இருக்கும் என்று தெரியாது. மழை பெய்தால் போன் போட்டுச் சொல்லுங்கள். நான் பேச மாட்டேன். நீங்கள் பேசுங்கள். இந்தத் தடவை வைக்க மாட்டேன்.

இன்னாசியம்மாள்